கூரைக்கு யார் உபயம்?

எங்கள் கட்டடத்தின் கூரைக்கு ஏறும் கதவின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. நான்கு மாடி, எட்டுக் குடித்தனம், கீழே இரண்டு கடை. ரங்கூன் நடுநகரத்தில் எண்களையே பெயராகக் கொண்ட குறுகலான தெருக்களில் ஒன்று. ஒவ்வொரு வருஷமும் தின்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்து மழை இறங்குவதற்கு முன்னால் நான் மேலே ஏறுவேன். தகரக் கூரைக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் ஓடும் வாய்க்காலில் ஒரு வருஷக் குப்பை கிடக்கும். காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு, பட்டத்து நூல், பிளாஸ்டிக் பை, கருத்த மண், அந்த மண்ணில் முளைத்த அரசங்கன்று. அள்ளி வாளியில் போட்டுக் கயிற்றில் இறக்கினால் நான்கு வாளி வரும். சில வருஷம் ஆறு.

பழைய கட்டடங்களின் வரலாற்றை ஆராய்வதும் அவற்றைக் காப்பதும்தான் என் தொழில். பதினேழு வருஷமாகிறது. நிறைய அளந்திருக்கிறேன், வரைந்திருக்கிறேன், அறிக்கைகள் எழுதியிருக்கிறேன், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதில் உருப்படியாகச் செய்தது எது என்று கேட்டால் அந்த வாளிகளைத்தான் முதலில் சொல்வேன். ஏன் என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்ததும் இதே கட்டடத்தில்தான், இரண்டாம் மாடியில். ரங்கூன்காரர்களிடம் "பன்னிரண்டரைக்கு ஐம்பது" என்று சொன்னால் போதும், வீடு கண்ணுக்குத் தெரிந்துவிடும். பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம். முன்னால் தெருவைப் பார்த்த பால்கனி, பின்னால் அடுப்படி, நடுவில் பகலிலும் விளக்குப் போடவேண்டிய நீளம். அதில் ஆறு பேர் இருந்தோம். பால்கனியிலிருந்து ஒரு கயிறு தெருவரைக்கும் தொங்கும், நுனியில் ஒரு கவ்வி. பேப்பர்காரர் பத்திரிகையைக் கவ்வியில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். அந்தக் கயிற்றை இழுத்து ஏற்றுவது சின்ன வயதில் என் வேலை.

தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கப்பலில் வந்தவர். 1942இல் ஜப்பான் படை வந்து லட்சக்கணக்கானோர் இந்தியாவை நோக்கி நடந்தபோது அவர் ஐராவதி டெல்டாவில் ஓர் அரிசி ஆலையில் இருந்தார், கிளம்ப முடியவில்லை. 1964இல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டதும் பெரியப்பா குடும்பத்தோடு கப்பலேறி வியாசர்பாடியில் குடியேறினார். அப்பா இங்கேயே இருந்துவிட்டார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பர்மியப் பெயர், வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர். தமிழ் எழுத்து கற்றது கோயில் மண்டபத்தில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில். எழுத்துக்கூட்டிப் படித்த முதல் சொற்களில் ஒன்று 'உபயம்'. கோயிலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சொல்தான். தூணில் உபயம், மணியில் உபயம், தரைக் கல்லில் உபயம், ட்யூப் லைட்டின் கண்ணாடியில்கூடச் சிவப்புப் பெயின்ட்டில் உபயம்.

2008 மே 2 ராத்திரி நர்கிஸ் புயல் வந்தது. டெல்டாவில் 1,30,000 பேருக்கு மேல் இறந்தும் காணாமலும் போனார்கள். அந்தத் துயரத்தின் பக்கத்தில் நகரத்தில் எங்களுக்கு நேர்ந்தது ஒன்றுமே இல்லை. எங்கள் கூரைத் தகரத்தில் பாதி பறந்துபோனது, அவ்வளவுதான். விடிந்து பார்த்தால் பெரிய சாலைகளில் நூறு வருஷ மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மழை நான்காம் மாடியில் புகுந்து மூன்றாம் மாடிக்கு இறங்கி, எங்கள் வீட்டு மேல்தளத்துப் பூச்சு பாளம்பாளமாகப் பாயில் விழுந்தது. நான் அப்போது கட்டடக்கலை கடைசி வருஷ மாணவி. படித்ததெல்லாம் புதிதாகக் கட்டுவதைப் பற்றி. கண்ணெதிரே விழுகிற பூச்சை என்ன செய்வது என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

அப்பா ஒரு மேஸ்திரியைக் கூட்டிவந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். தெலுங்குக்காரர். தமிழும் தெலுங்கும் பர்மியமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். நான் டார்ச்சும் நோட்டுமாக விரிசல்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சுவத்த அப்புறம் பாரு பாப்பா. மொதல்ல தண்ணி எங்கேருந்து வருது, எங்க போவுதுன்னு பாரு" என்றார். என்னைப் பின்சந்துக்கு அழைத்துப்போனார்.

ரங்கூன் கட்டடங்களின் முதுகுப் பக்கம் ஒரு சந்து உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் மலம் அள்ளுவதற்காக விட்ட வழி. நான் வளர்ந்த காலத்தில் அது மாடிகளிலிருந்து குப்பை விழும் இடமாகிவிட்டது. யாரும் உள்ளே போகமாட்டார்கள். அங்கே நின்று பார்த்தால் கூரைத் தண்ணீரைக் கீழே கொண்டுவரும் இரும்புக் குழாய் முதல் மாடி உயரத்தில் உடைந்திருந்தது. அதிலிருந்து தரைவரைக்கும் சுவர் பச்சையும் கறுப்புமாகப் பாசி பிடித்திருந்தது. மேஸ்திரி கட்டைவிரலால் ஒரு செங்கல்லைத் தேய்த்தார். மாவாக உதிர்ந்தது. "புயல் அடிச்சது நேத்து. இந்தச் சுவரு அழுவ ஆரம்பிச்சு இருவது வருஷமாச்சு" என்றார்.

அந்த மழைக்காலம் முழுக்க அவரோடு இருந்தேன். தகரத்துக்கும் ஆணிக்கும் தட்டுப்பாடான சமயம். பறந்துபோன தகரத்தைத் தேடி எடுத்து நிமிர்த்தி மறுபடி அடித்தோம். பின்சுவருக்குச் சிமென்ட் பூசலாம் என்று அப்பா சொன்னபோது மேஸ்திரி முடியவே முடியாது என்றுவிட்டார். எண்ணெய் பீப்பாய் ஒன்றில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். அடுப்பில்லாமலே அது கொதித்ததை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். நீற்றி, ஊறவைத்து, மணலும் செங்கல் தூளும் சேர்த்துக் குழைத்தார். அந்தச் செங்கல் தூளுக்கு அவர் சொன்ன பெயர் சுர்க்கி.

இதன் வேதியியலை நான் பின்னால்தான் படித்தேன். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளிழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது. கல்லானாலும் அதில் நுண்துளைகள் இருக்கும், சுவருக்குள் போன ஈரம் அந்தத் துளைகள் வழியே வெளியேறிவிடும். சிமென்ட் பூச்சு இறுக்கமானது. எங்கோ ஒரு விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீரை வெளியே விடாது. உள்ளே செங்கல் நனைந்தபடியே இருக்கும், உப்புப் பூக்கும், கடைசியில் பூச்சு நல்ல நிறத்தோடு நிற்க அதற்குப் பின்னால் செங்கல் மண்ணாகியிருக்கும். ரங்கூனில் வருஷத்துக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை, சென்னையைப்போல இரண்டு மடங்கு. அதுவும் மே நடுவிலிருந்து அக்டோபர்வரை விடாமல் கொட்டும். இப்படிப்பட்ட ஊரில் நூறு வருஷச் செங்கல் சுவருக்குச் சிமென்ட் பூசுவது அதன் மூக்கையும் வாயையும் பொத்துவதற்குச் சமம்.

2012இல் வரலாற்றாசிரியர் தான்ட் மியின் ஊ யாங்கோன் பாரம்பரிய அறக்கட்டளையைத் தொடங்கினார். யாங்கோன் என்பது ரங்கூனின் இன்றைய பெயர். ஊரெங்கும் பழைய கட்டடங்களைப் பற்றிய பேச்சு கிளம்பியது. நான் அளவெடுக்கும் குழுக்களில் சேர்ந்துகொண்டேன். காலை ஆறு மணிக்கு, கடைகள் திறக்கும் முன், டேப்பும் ஏணியுமாகத் தெருவில் இறங்குவோம். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்த ரங்கூன், பேருந்து போகும் வழிகள் மட்டும்தான். அளக்கத் தொடங்கியதும் அது மனிதர்கள் காகிதத்தில் போட்ட கோடாகத் தெரிய ஆரம்பித்தது. 1852 போரில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்த கையோடு மாண்ட்கோமரி, ஃபிரேசர் என்ற இருவர் வரைந்த திட்டம் அது. சூலே பகோடாவை நடுவில் வைத்து, நூறடி அகலத்தில் பெரிய சாலைகள், ஐம்பதடித் தெருக்கள், அவற்றுக்கு நடுவே முப்பதடியில் எண் போட்ட தெருக்கள். எங்கள் கயிறு தொங்கும் தெரு முப்பதடித் தெரு. அந்த அகலம் யாரோ முடிவு செய்தது என்று தெரிந்த நாளில் எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வரலாறு என்பது அரண்மனைக்கும் கோட்டைக்கும் உரியது என்று நினைத்திருந்தேன். என் வீட்டு வாசலின் அகலத்துக்கும் ஒரு வரலாறு இருந்தது.

செயலகக் கட்டடத்தை வரைந்தவர் ஹென்றி ஹோய்ன்-ஃபாக்ஸ். 1889இல் தொடங்கி 1905இல் முடிந்தது, 1930 மே நிலநடுக்கத்தில் அதன் நடுக்குவிமாடம் போயிற்று, 1947 ஜூலை 19 அன்று பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான் அங்கேதான் கொல்லப்பட்டார். உயர்நீதிமன்றம் ஜேம்ஸ் ரான்ஸம் வரைந்தது. பான்சோடான் தெருவிலுள்ள 1906ஆம் வருஷத்து சோஃபேர் கட்டடம் பாக்தாதிலிருந்து வந்த யூதக் குடும்பத்தினுடையது. தரை ஓடு மான்செஸ்டரிலிருந்தும் இரும்பு உத்தரம் ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயரிலிருந்தும் வந்தவை. உத்தரங்களைத் துடைத்தால் வார்ப்பாலைகளின் பெயர் புடைப்பெழுத்தில் தெரியும். வரைந்தவர் பெயர் தெரிகிறது, இரும்பு வார்த்தவர் பெயரும் தெரிகிறது. கட்டியவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை.

1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் 4,00,000 பேரில் பாதிக்கும் மேல் இந்தியர். கல் சுமந்தவர்களில் பெரும்பகுதி தெலுங்கர், இங்கே அவர்களைக் கோரங்கி என்பார்கள். மரவேலையில் கான்டன் சீனர்கள் கைதேர்ந்தவர்கள். நம்மவர்கள் உண்டு, ஒடியர்கள் உண்டு, பர்மியர்கள் உண்டு. "ரங்கூனைக் கட்டியது தமிழன்" என்று நம் விழா மேடைகளில் பேசும்போது எனக்கு நெஞ்சு உறுத்தும். நான் தடவிப்பார்த்த சுவர்களில் தமிழ்க் கை எது, தெலுங்குக் கை எது என்று பிரிக்க முடியாது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த கையே தெலுங்குக் கைதான்.

பணம் வந்த வழியையும் மறைக்கக் கூடாது. இன்று ஷ்வே பொந்தா தெரு என்று அழைக்கப்படும் முகல் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டிக்கடைகள், நெருக்கியடித்து இருந்தன. 1929-30 வங்கி விசாரணைக் குழு பர்மா முழுக்க ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகளையும் 75 கோடி ரூபாய் முதலையும் கணக்கிட்டது. நெல் விலை சரிந்ததும் கடனுக்கு ஈடான நிலம் கைமாறியது. 1930இல் நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது, 1938இல் 25 சதவீதம். விருப்பப்பட்டு வாங்கிய நிலம் இல்லை அது என்று செட்டியார்கள் சொன்னார்கள், அது உண்மைதான். ஆனால் வயலை இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த உண்மையால் என்ன ஆகப்போகிறது? இந்த மண்ணில் நம் பாரம்பரியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும்.

2016இல் பெரியப்பா மகள் கல்யாணத்துக்குச் சென்னை போனபோது காரைக்குடிக்கும் போனேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கடையின் பின்கட்டில், இடித்த வீடுகளின் தூண்கள் படுக்கவைக்கப்பட்டிருந்தன. பர்மாத் தேக்கு. கையை வைத்ததும் தெரிந்துவிட்டது. கடல் தாண்டிப் போய் நின்ற மரம், நின்ற வீடும் போய், விலைச்சீட்டோடு கிடந்தது. கடைக்காரர் "ரங்கூன் மரம்மா, ஒண்ணும் ஆகாது" என்றார். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லைதான். பூட்டிக் கிடந்த வீட்டின் ஓட்டை மாற்ற ஒருவரும் இல்லாததால் வீடு போயிருக்கிறது.

சரி, கட்டடம் எப்படிச் சாகிறது என்பதற்கு வருகிறேன். எங்கள் கட்டடத்தையே எடுத்துக்கொள்ளலாம். சுவரிலிருந்து சுவருக்கு இரும்பு உத்தரங்கள், இரண்டு உத்தரத்துக்கு நடுவே செங்கல்லைச் சின்னச் சின்ன வளைவாகக் கட்டி, மேலே சுண்ணாம்புக் கலவை போட்ட தளம். உலர்ந்திருக்கும்வரை இருநூறு வருஷம் நிற்கும். கூரை வாய்க்கால் அடைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வழிய இடமில்லாமல் கைப்பிடிச் சுவரின் அடியில் இறங்குகிறது. உத்தரத்தின் முனை சுவருக்குள்ளே இருக்கிறது, அங்கே ஈரம் சேர்கிறது. இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு உப்பும். உப்பி, சுற்றியுள்ள செங்கல்லைப் பிளக்கும். பிளந்த இடத்தில் இன்னும் தண்ணீர். வீட்டுக்குள் இருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. ஒருநாள் மேல்தளத்தில் உத்தரத்தின் நீளத்துக்கு நேர்கோடாக ஒரு விரிசல் தெரியும். பெயின்ட் அடித்து மறைப்பார்கள். முதலில் அடைத்தது ஒரு பிளாஸ்டிக் பை.

அப்புறம் அரசமரம். காக்கை எச்சத்தில் விழுந்த விதை சுவரின் இடுக்கில் முளைக்கும். வேர், செங்கல் இடையிலுள்ள மென்மையான சுண்ணாம்பைத் தேடிப் போகும். ஒரு விரல் பருமன் இருக்கும்போது பிடுங்கினால் அரைமணி நேர வேலை. புத்தர் ஞானம் பெற்ற மரம் என்பதால் இங்கே யாரும் அதன்மேல் கத்தி வைக்கமாட்டார்கள், சிலர் பூ வைத்துத் தண்ணீரும் ஊற்றுவார்கள். ஆரம்பத்தில் நான் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். பிறகு பக்கத்து மடத்துத் தலைமைத் துறவியான சயாடோவிடம் போய்க் கேட்டேன். கன்றை வேரோடு எடுத்துவந்து மடத்துத் தோட்டத்தில் நடு, அதனால் யாருக்கும் பாவமில்லை என்றார். அதிலிருந்து கூரை ஏறும்போது ஈரச்சாக்கு ஒன்றும் கொண்டுபோகிறேன். எங்கள் தெருவிலிருந்து போன பதினோரு கன்றுகள் மடத்தில் நிற்கின்றன. எனக்கும் அரசமரம் சாமிதான். இடம் மாற்றி வைத்ததில் மனதுக்கு நிறைவு.

1996இல் மாநகராட்சி தயாரித்த பாரம்பரியப் பட்டியலில் 189 கட்டடங்கள் உண்டு. பெரும்பாலும் அரசாங்கக் கட்டடங்களும் வழிபாட்டு இடங்களும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், நீதிமன்றம். பன்னிரண்டரைக்கு ஐம்பதுகளுக்கு அதில் இடமில்லை. ஆனால் ரங்கூனை ரங்கூனாக்குவது அவைதான். ஒரே மாடிப்படியில் தமிழ்க் குடும்பமும் குஜராத்தி முஸ்லிமும் சீனரும் பர்மியரும் ஏறி இறங்கிய வீடுகள். அவற்றை இடித்துவிட்டு எட்டு மாடி கட்டுவதற்கு ஒப்பந்தக்காரர் வரும்போது வாடகைக்காரர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஒழுகுகிற வீட்டில் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடித்தபடி தூங்கியவர்கள் அவர்கள். ஒழுகாமல் வைத்திருந்தால் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார்கள்.

என் வேலையில் எனக்கு மிகவும் வலித்த தோல்வி ஒரு கோயிலில் நடந்தது. டெல்டாவில் ஒரு சிற்றூர், சின்ன அம்மன் கோயில், அழகான சுண்ணாம்புச் சுதை வேலை. குடமுழுக்குக்குத் திருப்பணி செய்ய ஆலோசனை கேட்டுக் கூப்பிட்டார்கள். பழைய பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் பூசி, மண்டபத்துச் சுவருக்கு இடுப்பளவு பளபளப்பான டைல் ஒட்டி, சுதைக்கு எண்ணெய்ப் பெயின்ட் அடிப்பதாகத் திட்டம். நான் இருபது பக்கத்துக்கு மேல் அறிக்கை எழுதினேன். பழைய கட்டடங்களைக் காப்பதற்கு உலக அளவில் நெறிமுறை வகுத்த 1964 வெனிஸ் சாசனம் என்ன சொல்கிறது, பழையதையும் புதியதையும் பார்த்தவுடன் பிரித்தறிய முடிய வேண்டும் என்பது ஏன் என்றெல்லாம். திருப்பணிக் குழுவின் பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, சாமிக்குப் புதுத்துணி கட்டலாம்னு வந்திருக்கோம். பழசே இருக்கட்டும்ங்கிறீங்களே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அதன் பிறகு அவர்களும் என்னைக் கூப்பிடவில்லை.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது நம் மரபு. ஜப்பானில் இசே ஆலயத்தை இருபது வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகக் கட்டுகிறார்கள். 1994இல் அதே ஜப்பானின் நாரா நகரத்தில் கூடிய அறிஞர்கள், எது அசல் என்பதை அந்தந்தப் பண்பாட்டுக்குள் நின்றுதான் தீர்மானிக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பெரியவரிடம் வெனிஸைத்தான் கொண்டுபோனேன். "புதுத்துணி சுண்ணாம்பிலேயே கட்டுங்கள் ஐயா, நானே ஆள் கூட்டிவருகிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். மேஸ்திரி உயிரோடு இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

குடமுழுக்கன்று போனேன். கோயில் பளிச்சென்று இருந்தது. ஊரே சந்தோஷமாக இருந்தது. கை கால் கழுவும் இடத்தில் ஒரு பழைய கல் படியாகக் கிடந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவிப் படித்தேன். தமிழ் எழுத்து, பாதி தேய்ந்திருந்தது. ஊர்க்காரர் ஒருவர் கோயில் விளக்கு எண்ணெய்க்கும் வருஷா வருஷம் வெள்ளையடிக்கவும் நெல் வயல் எழுதிவைத்த செய்தி. வயலின் எல்லைகள் வரிசையாகச் சொல்லப்பட்டிருந்தன.

அந்தக் கல் என்னை ரொம்ப நாள் விடவில்லை. வயல் இப்போது கோயிலிடம் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு நிலச் சட்டங்கள் மாறிய காலத்தில் அது கைவிட்டுப் போய்விட்டது. வருஷா வருஷம் வெள்ளையடித்துக்கொண்டிருந்தால் பூச்சில் விரிசல் விழுந்ததுமே அடைபட்டிருக்கும். அந்த வருமானம் நின்றபின், பன்னிரண்டு வருஷம் ஒன்றும் செய்யாமல் விட்டு, நன்கொடை திரட்டி, ஒரே வீச்சில் எல்லாவற்றையும் கொத்தி எடுப்பது என்று ஆகிவிட்டது. எங்கள் சனங்களுக்கு ரசனை கெட்டுப்போனது என்று நான் முன்பு எழுதியிருக்கிறேன். அது தப்பு. நின்றுபோனது நித்தியச் செலவுக்கான பணம்.

பர்மாவின் பழைய தலைநகரான பகானில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, பதின்மூன்றாம் நூற்றாண்டு. மலைமண்டலத்து மகோதயர் பட்டணத்திலிருந்து, அதாவது இன்றைய கொடுங்கல்லூரிலிருந்து வந்த குலசேகர நம்பி என்ற ஒருவர், அங்கே நானாதேசி விண்ணகரம் என்ற திருமால் கோயிலுக்கு ஒரு மண்டபம் கட்டி, கதவு போட்டு, அந்த மண்டபத்தில் நின்றெரிவதற்கு ஒரு நிலைவிளக்கும் கொடுத்திருக்கிறார். பகானைப் பற்றிப் பேசும் நம் ஆட்கள் இதைப் பெருமைக்காகச் சொல்வார்கள். டெல்டாக் கல்லைப் படித்த பிறகு நான் அதை மறுபடி படித்தபோது 'நின்றெரிகை' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். கட்டியதோடு அவர் போகவில்லை. அந்த விளக்கில் தினமும் யாரோ எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பது அவர் நினைப்பில் இருந்திருக்கிறது.

சோழர் கல்வெட்டுகளில் இதற்கு ஒரு முறையே உண்டு. அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு. இடையர் அந்த மந்தையை வாங்கிக்கொண்டு தினமும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். ஆடு சாகும், குட்டி போடும், எண்ணிக்கை குறையக் கூடாது. அதனால்தான் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதினார்கள். பராமரிப்பு என்பதை இதைவிடத் தெளிவாக யோசித்தவர்களை நான் எந்தச் சாசனத்திலும் படித்ததில்லை.

2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நான் வேலை செய்துவந்த திட்டங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கூட வேலை பார்த்தவர்கள் பல நாடுகளுக்குப் போனார்கள். 2025 மார்ச் 28 அன்று மாண்டலே பக்கம் 7.7 அளவில் நிலம் நடுங்கியது. 1934இல் கட்டிய பழைய ஆவாப் பாலம் ஆற்றில் விழுந்தது. இன்வாவில் 1822இல் கட்டிய மே நு செங்கல் மடம் நொறுங்கிப்போயிற்று. அந்த மடத்தின் வாசல் வளைவை நான் மாணவர்களோடு உட்கார்ந்து ஒருநாள் முழுக்க வரைந்திருக்கிறேன். அங்கிருந்த இளைஞர்கள் போன் செய்து, ஆசிரியையை இங்கே அழைப்பதுபோல், "சயாமா, முதலில் என்ன செய்வது?" என்று கேட்டார்கள். படம் எடுங்கள், விழுந்த செங்கல்லை ஒரு பக்கமாக எண்ணி அடுக்குங்கள், நிற்கிற சுவரின் தலையைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், மழைக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது என்றேன். அந்த நேரத்தில் வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் கட்டடத்தில் ஒரு நிதி வைத்திருக்கிறோம். எட்டுக் குடித்தனமும் இரண்டு கடையும் மாதம் ஒரு மொகிங்கா, அதாவது மீன் குழம்பு நூடுல்ஸ், விலையைப் போட வேண்டும், எங்கள் தெருமுனைக் கடையில் அந்த மாதம் ஒரு கிண்ணம் என்ன விலையோ அது. எங்கள் நாணயமான கியாட்டில் தொகை குறித்தால் ஒரே வருஷத்தில் அது ஒன்றுமில்லாமல் போய்விடும். மொகிங்கா விலை ஏறினால் நிதியும் ஏறும். தொண்ணூற்றாறு ஆட்டிலிருந்து எடுத்த யோசனை. அதில் குழாய் மாற்றினோம், பின்சந்தில் குப்பை எடுக்க ஆள் வைத்தோம், மூன்று உத்தர முனைகளின் துருவைச் சுரண்டிச் சுண்ணாம்பில் அடைத்தோம். மாடிப்படிச் சுவரில் பணம் கொடுத்தவர் பெயர்களைத் தமிழிலும் பர்மியத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். மேலே 'கூரை வாய்க்கால் உபயம்' என்று போட்டேன். நான்காம் மாடி பர்மியப் பாட்டி தன் பெயர் இருக்கிறதா என்று என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் மேலே போனார்.

இந்த வருஷம் எனக்கு முட்டிவலி. கீழ்க்கடைக்காரரின் மகள், ஒன்பதாவது படிக்கிறவள், நான் ஏறட்டுமா சயாமா என்று கேட்டாள். இரண்டாவது சாவி ஒன்று செய்து அவளிடம் கொடுத்தேன். அவளே அள்ளினாள், ஐந்து வாளி. இரண்டு அரசங்கன்றுகளை ஈரச்சாக்கில் சுற்றி வைத்தாள். கடைசியில் மேஸ்திரி செய்யும் சோதனை ஒன்று உண்டு. மேலே வாய்க்காலின் கோடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, கீழே குழாய் வாயில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். நான் பின்சந்தில் போய் நின்றேன். "ஊத்திட்டேன்" என்று மேலிருந்து கத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் வந்தது.